தூரிகை வீச்சும் கட்டுப்பாடும்: செயல் ஓவியம் குறித்து ஓர் எளிய அறிமுகம்

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஜாக்சன் பொல்லாக்கின் 'எண் 1ஏ, 1948' என்ற ஓவியம் இருக்கிறது. இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலமுள்ள அந்தக் கித்தான் (கேன்வாஸ் துணி) முழுவதும் வண்ண இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. மரம், மனிதர், வீடு என்று அடையாளம் காணத்தக்க எதுவும் அதில் இல்லை. ஆனால் வலதுபுற மேல் ஓரத்தை உற்றுப் பார்த்தால், வண்ணத்தில் தோய்த்துப் பதித்த உள்ளங்கைத் தடங்கள் தெரியும். ஓவியர் இந்த இடத்தில் இருந்தார், இவ்வளவு தூரம் எட்டினார், இதைத் தம் கையால் செய்தார் என்பதற்கு அவை சாட்சி. உண்மையில் அந்தக் கித்தானின் ஒவ்வோர் இழையும் அதே சாட்சியத்தைத்தான் சொல்கிறது. கைத்தடம் அதைச் சற்று உரக்கச் சொல்கிறது, அவ்வளவே.

கையும் தோளும், சில வேளைகளில் முழு உடலும், அசைந்து விட்டுச்சென்ற தடத்தையே ஓவியத்தின் உள்ளடக்கமாகக் கொள்ளும் அரூப (உருவங்களைக் காட்டாத) ஓவிய முறையைச் செயல் ஓவியம் என்பார்கள். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கில் உருவான அரூப வெளிப்பாட்டியல் என்னும் இயக்கத்தின் ஒரு கிளை அது. மார்க் ராத்கோ, பார்னெட் நியூமன் போன்றோரின் அகன்ற, அமைதியான வண்ணப் பரப்புகள் அதே இயக்கத்தின் மற்றொரு கிளை. முதல் கிளையைப் பற்றிப் பரவலாக நிலவும் கருத்து, மனத்தில் பொங்கியதை யோசிக்காமல் கித்தானில் கொட்டிவிடுவதே அதன் வேலை என்பதாகும். இந்தக் கருத்தில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை, அதாவது வேகமாக விழுந்த தீற்றலுக்குள்ளும் தேர்வும் திருத்தமும் காத்திருப்பும் எப்படி இருக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால்தான் இவ்வோவியங்கள் கண்ணுக்குப் பிடிபடத் தொடங்கும்.

தூரிகையின் தடத்தை மறைக்காமல் விடுவது இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அன்று. ஐரோப்பாவில் கலைக்கழகங்கள் வழவழப்பான பரப்பையே உயர்வாகக் கருதிய காலங்களிலும், முதுமைக் காலத்து டிஷியனும் ஃபிரான்ஸ் ஹால்ஸும் தூரிகைத் தீற்றல்களை அப்படியே தெரியும்படி விட்டார்கள். வான்கோவிடம் தீற்றல்கள் ஏறக்குறையத் தனி உயிர் பெற்றுவிட்டன. ஆயினும் அங்கெல்லாம் தீற்றல் ஒரு பொருளுக்குக் கட்டுப்பட்டது. ஹால்ஸின் வெள்ளைத் தீற்றல் கடைசியில் ஒரு சட்டையின் கழுத்துப் பட்டையாக ஆகியே தீர வேண்டும். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாசிலி கண்டின்ஸ்கி தம் ஓவியங்களில் பொருளின் பிடியைத் தளர்த்தியபோது, கோடும் வண்ணமும் தம்மளவிலேயே உணர்வைத் தாங்க முடியும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. கிழக்கே இன்னும் பழைய மரபு ஒன்று உண்டு. சீனாவின் தாங் அரசகுலக் காலத்தைச் சேர்ந்த சாங் ஷு, ஹுவாய்சு ஆகியோரின் கட்டற்ற எழுத்துக்கலையில், மையின் அடர்த்தி, தூரிகையின் வேகம், மை வற்றிக் கோடு வெளிறும் இடம் ஆகியவற்றையும் எழுத்தின் பொருளோடு சேர்த்தே வாசிப்பார்கள். எழுதியவரின் மூச்சும் மணிக்கட்டும் அந்தக் கோட்டில் இருப்பதாகக் கருதும் மரபு அது.

நியூயார்க் ஓவியர்களுக்கு உடனடித் தூண்டுதலாக அமைந்தது, கனவையும் ஆழ்மனத்தையும் கலையின் ஊற்றாகக் கொண்ட சர்ரியலிசம் என்னும் இயக்கம். 1924-இல் ஆந்த்ரே பிரெட்டோன் வெளியிட்ட அறிக்கை, அறிவின் கண்காணிப்பு இல்லாமல் மனம் தானாக இயங்குவதை முதன்மைப்படுத்தியது. ஆந்த்ரே மாஸோன் அதை ஓவியத்துக்குக் கொண்டுவந்து, எதை வரைகிறோம் என்று முடிவு செய்யாமல் கையை ஓடவிட்டு, பிறகு அந்தக் கோடுகளில் உருவங்களைத் தேடினார். போரின்போது பிரெட்டோனும் மாஸோனும் இன்னும் பலரும் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தார்கள். அமெரிக்க இளம் ஓவியர்கள் அவர்களிடமிருந்து முறையை எடுத்துக்கொண்டார்கள். கோடுகளுக்குள் கனவுருவங்களைத் தேடும் கடைசிக் கட்டத்தைப் படிப்படியாகக் கைவிட்டார்கள். பொல்லாக்குக்கு வேறு ஊற்றுகளும் இருந்தன. மெக்சிகோவின் சுவரோவியர் சிக்கைரோஸ் 1936-இல் நியூயார்க்கில் நடத்திய பட்டறையில், தொழிற்சாலைப் பெயின்ட்டை ஊற்றியும் தெளித்தும் பார்க்கும் சோதனைகளை அவர் நேரில் கண்டிருந்தார். அமெரிக்கப் பழங்குடியினர் தரையில் மணலைத் தூவி வரையும் முறையோடு தம் முறைக்கு உறவு உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார்.

1945-இல் பொல்லாக்கும் அவர் மனைவியும் ஓவியருமான லீ கிராஸ்னரும் நியூயார்க் நகரத்தை விட்டு லாங் ஐலண்டின் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கிருந்த பழைய களஞ்சியக் கட்டடம் ஒன்று பொல்லாக்கின் பணியிடம் ஆயிற்று. 1947 முதல் 1950 வரை அங்கே உருவானவைதான் அவருடைய புகழ்பெற்ற சொட்டு ஓவியங்கள். கித்தானைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி நிமிர்த்தி வைக்காமல், தரையில் விரித்துப் போட்டு, நான்கு பக்கமும் நடந்துகொண்டே வேலை செய்தார். குச்சிகள், காய்ந்து இறுகிய தூரிகைகள், கொத்துக்கரண்டிகள் ஆகியவையே கருவிகள். குழாயில் வரும் கெட்டியான தைல வண்ணத்தைக் காட்டிலும், டின்னில் வரும், நன்றாக ஓடக்கூடிய இனாமல் பெயின்ட்டே அவருக்கு ஏற்றதாக இருந்தது. கருவி பெரும்பாலும் கித்தானைத் தொடுவதில்லை. குச்சியின் நுனியிலிருந்து இழையாக இறங்கும் பெயின்ட், கை போன பாதையைக் காற்றில் வரைந்து, பிறகு கீழே விழுகிறது.

இங்கே ஓர் இயற்பியல் நுணுக்கம் இருக்கிறது. அதை அறிந்தபின் அந்த ஓவியங்களை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. தேனைக் கரண்டியிலிருந்து மெல்ல ஊற்றினால், விழும் இடத்தில் அது நேராகப் படியாமல் வட்டம் வட்டமாகச் சுருண்டு குவியும். பிசுபிசுப்பான எந்தத் திரவத்தின் இழையும் அப்படித்தான் செய்யும். ஊற்றும் கை போதிய வேகத்தில் நகர்ந்தால் அந்தச் சுருள் தோன்றாது. கோடு நீளமாக, தடையின்றிப் படியும். 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அறிவியலாளர்கள் பொல்லாக் வேலை செய்யும் படச்சுருளிலிருந்து அவருடைய கையின் வேகத்தையும் உயரத்தையும் கணித்து, ஆய்வகத்தில் அதே அசைவைச் செய்து பார்த்தார்கள். சுருள் விழாத எல்லைக்குள்ளேயே அவர் பெரும்பாலும் வேலை செய்திருக்கிறார் என்பது அவர்களின் முடிவு. பெயின்ட்டின் நீர்த்தன்மை, குச்சி இருக்கும் உயரம், கை நகரும் வேகம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் அது கைகூடும். எந்தச் சமன்பாடும் தெரியாமல், ஆண்டுக்கணக்கான பழக்கத்தால் உடல் கற்றுக்கொண்ட அறிவு அது. தற்செயல் என்று ஒன்று தம் ஓவியத்தில் இல்லை என்று பொல்லாக் நேர்காணலில் மறுத்ததை வெறும் வீம்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

வேகம் பற்றிய கட்டுக்கதைகளில் மிகவும் புகழ்பெற்றது, 1943-இல் பெக்கி குகன்ஹைம் என்ற கலைச் சேகரிப்பாளருக்காக அவர் வரைந்த 'மியூரல்' பற்றியது. ஆறு மீட்டர் அகலமுள்ள அந்த ஓவியம் ஒரே இரவில் வெறி பிடித்தாற்போல் வரைந்து முடிக்கப்பட்டது என்று பல பத்தாண்டுகள் சொல்லப்பட்டு வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி நிறுவனத்து வல்லுநர்கள் அதைச் செப்பனிட்டபோது அடுக்குகளை ஆராய்ந்தார்கள். ஈரம் காயும் முன்பே ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பட்ட தீற்றல்கள் இருந்தது உண்மை. ஆனால் கீழ் அடுக்கு நன்றாகக் காய்ந்தபின் மேலே இடப்பட்டவையும் ஏராளமாக இருந்தன. தைல வண்ணம் காய நாட்கள் பிடிக்கும். ஆகவே ஓரிரவுக் கதை நிற்கவில்லை. அந்தக் கதை இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணம், அதை நம்ப நாம் விரும்பினோம் என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பொல்லாக்கோடு இம்முறை முடிந்துவிடுவதில்லை. ராட்டர்டாமில் பிறந்து 1926-இல் கப்பலில் ஒளிந்து அமெரிக்கா வந்து சேர்ந்த வில்லெம் டி கூனிங் தூரிகையை விடவே இல்லை. அவருடைய முறை, இடுவது, சுரண்டி எடுப்பது, மீண்டும் இடுவது. 'பெண் 1' என்ற ஓவியத்தோடு 1950 முதல் 1952 வரை அவர் மல்லுக்கட்டினார். இடையில் அதைக் கைவிட்டும் விட்டார். கலை வரலாற்று அறிஞர் மெயர் ஷாப்பிரோ பார்த்து ஊக்கப்படுத்தியபின் மீண்டும் எடுத்து முடித்தார். அந்தப் படத்தில் ஒரு பெண்ணுருவம் இருப்பதால் அதை முழு அரூபம் என்று சொல்ல முடியாது. ஆனால் தோளும் மார்பும் எங்கே முடிகின்றன, வெறும் தீற்றல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவும் முடியாது. ஒரே வீச்சில் விழுந்ததாகத் தோன்றும் ஒரு தீற்றலுக்கு அடியில், சுரண்டி எறியப்பட்ட பல தீற்றல்கள் இருந்திருக்கும். தயக்கமும் ஓர் அசைவுதான். அதற்கும் தடம் உண்டு.

ஃபிரான்ஸ் கிளைனின் கதை இன்னும் சுவையானது. அகன்ற வெள்ளைப் பரப்பில் கறுப்பு விட்டங்கள் மோதி நிற்பது போன்ற அவருடைய ஓவியங்கள், சுவருக்கு வண்ணம் அடிக்கும் பட்டைத் தூரிகையால் சில நொடிகளில் வீசி இழுத்தவை போலத் தோன்றும். 1940-களின் இறுதியில், டி கூனிங்கின் பணியிடத்தில் இருந்த ஒரு பெரிதாக்கிக் காட்டும் கருவியில் தம் சிறு கோட்டோவியத்தை வைத்துச் சுவரில் பார்த்தபோது, அதன் கோடுகள் பொருளிலிருந்து விடுபட்டுத் தனியாக எழுந்து நின்றதாகவும், அதுவே அவருக்குத் திருப்புமுனை ஆயிற்று என்றும் சொல்வார்கள். அதன் பிறகு, பழைய தொலைபேசிப் புத்தகத்தின் தாள்களில் சிறிது சிறிதாக முன்வரைவுகள் செய்து, அவற்றில் பிடித்ததைத் தேர்ந்து, பெரிய கித்தானுக்குக் கொண்டுசெல்வது அவருடைய வழக்கம் ஆயிற்று. அவருடைய ஓவியம் ஒன்றின் முன் நிற்க வாய்த்தால், கறுப்பின் விளிம்பைப் பாருங்கள். பல இடங்களில் வெள்ளைதான் கறுப்பின்மேல் ஏறி அதை வெட்டி நிற்கும். கறுப்பை எழுதியதைப் போலவே வெள்ளையையும் அவர் எழுதினார். அதனால் அந்த விட்டத்தின் கூர்மை, கறுப்புத் தூரிகையின் வேகத்தால் மட்டும் வந்தது அன்று. பின்னால் வந்த வெள்ளையின் பொறுமையாலும் வந்தது.

இந்த ஓவியங்களைச் சுற்றி ஒரு கோட்பாட்டை எழுப்பியவர் ஹரால்ட் ரோசன்பெர்க் என்ற விமர்சகர். 1952 டிசம்பரில் வெளியான கட்டுரையில், கித்தான் இனி ஒரு பொருளைப் படியெடுக்கும் இடமாக இல்லாமல், செயல் நிகழும் களமாக ஆகிவிட்டது, அங்கே மிஞ்சுவது படம் அன்று, நிகழ்ச்சி என்று அவர் வாதிட்டார். செயல் ஓவியம் என்ற பெயர் பரவியது அக்கட்டுரையால்தான். அவருடைய போட்டியாளரான கிளமென்ட் கிரீன்பெர்குக்கு இதில் உடன்பாடு இல்லை. கித்தான் என்னும் தட்டையான பரப்பில் வண்ணமும் வடிவும் எப்படி அமைகின்றன என்பதே அவருக்கு முக்கியம். இருவரில் ரோசன்பெர்கின் விளக்கம் கவர்ச்சியானது, தொடக்கத்தில் உதவுவதும்கூட. ஆனால் அது ஓவியரை மேடைநாயகனாக ஆக்கிவிடுகிறது. 1950-இல் ஹான்ஸ் நமூத் எடுத்த புகைப்படங்களும் அதைத் தொடர்ந்த படமும், பொல்லாக் கித்தானைச் சுற்றி ஏறக்குறைய நடனமாடும் தோற்றத்தை உலகெங்கும் பரப்பியபோது, இந்தப் பிம்பம் உறுதிப்பட்டுவிட்டது. வேலையை நிறுத்திவிட்டு, செய்ததை உற்றுப் பார்த்து, அடுத்து என்ன என்று காத்திருக்கும் நேரம் புகைப்படத்தில் விழுவதில்லை. செய்யும்போது என்ன செய்கிறேன் என்று தெரியாது, பிறகு ஓவியத்தோடு பழகியபின்தான் தெரியும் என்று பொல்லாக் 1947-இல் எழுதியதில், அந்தப் பழகும் காலத்துக்கும் சமமான இடம் உண்டு.

நாயகப் பிம்பத்தின் இன்னொரு விளைவு, பெண் ஓவியர்கள் நெடுங்காலம் ஓரத்தில் நிறுத்தப்பட்டது. 1956-இல் பொல்லாக் கார் விபத்தில் இறந்தபின், லீ கிராஸ்னர் அதே களஞ்சியப் பணியிடத்துக்கு மாறி, ஐந்து மீட்டருக்கும் அகலமான 'பருவங்கள்' என்ற ஓவியத்தை 1957-இல் முடித்தார். உருண்டு திரண்டு, இளஞ்சிவப்பும் பச்சையுமாகப் பெருகும் அந்த வளைகோடுகளில், தோள் முழுவதும் சுழன்ற வேகத்தை உணர முடியும். அதில் பொல்லாக்கின் சாயலைத் தேடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். ஜோன் மிட்சலின் தீற்றல்கள் அதிகம் நறுக்குத் தெறித்தவை, நிறத்தில் அதிகம் கவனமானவை. 1952-இல், இருபத்து மூன்று வயதில், ஹெலன் ஃபிராங்கன்தாலர் வரைந்த 'மலைகளும் கடலும்' இந்த முறையை வேறொரு திசைக்குத் திருப்பியது. முதல் பூச்சு இல்லாத வெறுங்கித்தானில், டர்பன்டைன் கலந்து நீர்க்கவைத்த வண்ணத்தை ஊற்ற, அது துணிக்குள் ஊறிக் கறையாகப் பரவியது. இங்கே அசைவு உண்டு, ஆனால் மேடு இல்லை. வண்ணம் துணியின்மேல் படியாமல் துணியாகவே ஆகிவிட்டது. அடுத்த தலைமுறையின் வண்ணப்பரப்பு ஓவியர்களுக்கு வாசல் திறந்தது அந்த ஓவியம்.

இதே காலத்தில் பாரிஸிலும் இதற்கு இணையான போக்கு இருந்தது. ஜார்ஜ் மாத்தியூ 1956-இல் ஒரு நாடக அரங்கில், பார்வையாளர் முன்னிலையில், 12 மீட்டர் நீளக் கித்தானில் வரைந்து காட்டினார். அதற்கு நேர் எதிராக, ஹான்ஸ் ஹார்டுங்கின் அக்கால ஓவியங்கள் பலவற்றில் மின்னல்போல் பாயும் கோடுகள், தாளில் முதலில் தன்னியல்பாக வரைந்து, பிறகு கட்டம் போட்டுப் பொறுமையாகப் பெரிதாக்கிப் படியெடுத்தவை என்று பின்னால் தெரியவந்தது. ஜப்பானில் 1954-இல் ஜிரோ யோஷிஹாரா தொடங்கிய குட்டாய் குழுவில் இருந்த கசுவோ ஷிராகா, மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் விரித்த பரப்பில் கால்களால் வண்ணத்தை உழுதார். கைக்குப் பழகிய திறமையிலிருந்தே விடுபட அது ஒரு வழி.

அசைவு உண்மையான உணர்வின் சான்று என்றால், அதைப் போலி செய்ய முடியுமா? இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பியவர் ராபர்ட் ராஷன்பெர்க். 1957-இல் 'ஃபாக்டம் 1', 'ஃபாக்டம் 2' என்று இரண்டு ஓவியங்களைச் செய்தார். ஒட்டிய தாள்களும் துணிகளும் ஒரே மாதிரி. சிவப்புத் தீற்றலும், அதிலிருந்து வழிந்த சொட்டுகளும்கூட ஏறக்குறைய ஒரே மாதிரி. அந்தக் கணத்தின் வெடிப்பு என்று நாம் நம்பிய தீற்றலைத் திரும்பவும் செய்ய முடியும் என்று அவர் காட்டிவிட்டார். 1965-இல் ராய் லிக்டன்ஸ்டைன் ஒரு படி மேலே போய், சொட்டும் வழிசலும் கொண்ட ஒரு தூரிகைத் தீற்றலைச் சித்திரக்கதைப் பாணியில், அச்சுப் புள்ளிகளோடு நிதானமாக வரைந்து வைத்தார். இரண்டும் நல்ல கிண்டல்கள். ஆனால் அவை அடித்து வீழ்த்துவது, தீற்றலைப் பார்த்தால் ஓவியரின் அன்றைய மனநிலை தெரியும் என்ற எளிய நம்பிக்கையைத்தான். நடிகர் மேடையில் அழும்போது அவர் வீட்டில் துக்கம் என்று நாம் எண்ணுவதில்லை. அழுகை நம்மைத் தொடாமலும் போவதில்லை. கிளைனின் விட்டம் கோபமாக இருக்கிறது என்று சொன்னால், கோபம் அந்த வடிவத்தின் சாய்விலும் கனத்திலும் இருக்கிறது. அவர் அன்று கோபமாக இருந்தாரா என்பது வேறு கேள்வி.

ஆகவே, இவ்வகை ஓவியத்தின் முன் நிற்கும்போது இது எதைக் குறிக்கிறது என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஒத்திவைத்து, இது எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்பது பயன்தரும். எந்தத் தீற்றல் முதலில் விழுந்தது, எது கடைசி? இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் அவை கலங்கியிருந்தால் இரண்டும் ஈரமாக இருந்தன. விளிம்பு சுத்தமாக இருந்தால் இடையில் காத்திருப்பு இருந்திருக்கிறது. சொட்டு எந்தப் பக்கம் வழிகிறது என்பதிலிருந்து கித்தான் நின்றதா படுத்திருந்ததா என்று தெரியும். சில வேளைகளில் சொட்டு பக்கவாட்டில் ஓடும், அப்போது ஓவியர் அதைத் திருப்பி வைத்து வேலை செய்திருக்கிறார் என்று பொருள். ஒரு வளைவு மணிக்கட்டு சுழன்றதால் வந்ததா, முழங்கை விரிந்ததால் வந்ததா, நடந்துகொண்டே இழுத்ததா என்பதை அதன் நீளமே சொல்லிவிடும். இவற்றைப் பின்தொடரும்போது, பார்ப்பவரின் உடலும் உள்ளூர அந்த அசைவைச் செய்து பார்க்கிறது. உணர்வு நமக்கு வந்து சேரும் பாதைகளில் முக்கியமானது அதுதான் என்று கருதுகிறேன்.

குழந்தையும் இப்படிக் கிறுக்குமே என்ற எதிர்ப்பு எப்போதும் எழும். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அரூப வெளிப்பாட்டியல் ஓவியங்களை, தோற்றத்தில் ஒத்த குழந்தைகளின் படைப்புகளோடும் விலங்குகள் தீட்டியவற்றோடும் இணை இணையாக வைத்துக் காட்டினார்கள். கலை படிக்காத மாணவர்கள்கூட, தற்செயலாக ஊகித்தால் கிடைக்கும் அளவைவிடக் கூடுதலான தடவை ஓவியர்களின் படைப்பையே சிறந்ததாகத் தேர்ந்தார்கள். பெயரட்டைகள் மாற்றி வைக்கப்பட்டபோதும் அந்தச் சாய்வு மறையவில்லை. வேறுபாடு எப்போதும் தெரிந்தது என்று சொல்ல முடியாது. கணிசமான தடவை தவறாகவும் தேர்ந்தார்கள். குழந்தையின் கிறுக்கல் அழகாக இருப்பதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் குழந்தை, ஒரு தீற்றலைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுநாள் அதே இடத்துக்குத் திரும்பி வருவதில்லை.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. இவ்வோவியங்களுக்குத் திரையும் அச்சும் இழைக்கும் அநீதி பெரிது. பொல்லாக்கின் 'இலையுதிர்கால லயம்' ஐந்து மீட்டருக்கும் அதிக அகலமும் இரண்டரை மீட்டருக்கும் அதிக உயரமும் உடையது. கைப்பேசித் திரையில் அது வெறும் சொரசொரப்பான பழுப்புப் பரப்பாகச் சுருங்கிவிடும். அசைவின் அளவு தெரிய, அசைத்த உடலின் அளவு தெரிய வேண்டும். அசலைக் காண முடியாதவர்கள் படத்தைப் பெரிதாக்கி, அதில் ஒரு சாண் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே இருக்கும் இழைகளில் எது மேலே, எது கீழே என்று பொறுமையாகப் பிரித்துப் பார்க்கலாம். அருங்காட்சியகங்கள் இணையத்தில் தந்திருக்கும் உயர் தெளிவுப் படங்கள் அதற்குப் போதும்.